உணர்ச்சி இருக்கிறது, ஆதாரம் எங்கே?

கேள்வி: ‘வன்னி வயலுக்கு இயற்கை உரமே போதும்’ என்ற தலைப்பில் ஆதரித்து விவாதித்தேன். அப்பப்பா காலத்தில் எருவோடு விளைந்ததைச் சொன்னேன். 2021 உரத்தடையில் விளைச்சல் விழுந்ததை எதிரணி சொன்னது. எனக்குப் பதில் வரவில்லை. “உணர்ச்சி இருக்கிறது, ஆதாரம் இல்லை” என்றார் நடுவர். ஆதாரத்தோடு பேசுவது எப்படி?
– உயர்தர மாணவி, விசுவமடு

பதில்: பிள்ளை, எதிரணி சொன்னது உண்மை. 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது, நவம்பரில் நீக்கினார்கள், அதற்குள் மாரிகாலப் பயிர்ச்செய்கையான பெரும்போகம் அடிபட்டுவிட்டது. அதை மறுக்கப் போகாதே. அது எதை நிரூபிக்கிறது என்று திருப்பிக் கேள். தடை திடீரென்று வந்தது. ஈடுகட்டப் போதிய இயற்கை உரம் நாட்டில் இருக்கவில்லை. ஆகவே உரம் போதாமல் நெல் விளையாது என்பதற்குத்தான் அது சான்று. போதிய எரு கிடைத்த வயல் என்ன தரும் என்பதை அது சொல்லவில்லை.

அப்பப்பாவின் கதையை விட்டுவிடு. அந்தக் காலத்து மொட்டைக்கறுப்பன் நெல்லையும் இன்று உரத்துக்கு விளையும் புதிய இனங்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

இனி உன் பக்கத்து ஓட்டை. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். 50 கிலோ மூடையில் 23 கிலோ. கூட்டெருவில் 1 சதவீதம் என்று வைத்தால் அதே 23 கிலோவுக்கு 2,300 கிலோ எரு வேண்டும். மூடையை ஒருவர் தோளில் கொண்டுபோவார். இந்த எருவுக்கு உழவு இயந்திரமும் இழுவைப் பெட்டியும் ஆளும் வேண்டும். எரு எங்கிருந்து வரும், ஏற்றுகூலி யார் கொடுப்பது? எதிரணி கேட்குமுன் நீயே கேட்டுப் பதிலையும் சொல். வைக்கோலைக் கொளுத்தாமல் வயலில் விட்டால் பொட்டாசியத்தில் பெரும்பகுதி மண்ணுக்குத் திரும்பும். வேலிச் சீமைக்கிளுவை இலையில் நைதரசன் தாராளம். அப்படியும் கணக்கு நிரம்பாது. ஆகவே எத்தனை வருடத்தில், எந்த விளைச்சலை இலக்காக வைத்துப் பேசுகிறாய் என்பதைத் தொடக்க உரையிலேயே வரையறுத்துக்கொள். நடுவராக இருந்து பார்த்தவன் சொல்கிறேன், பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அடுத்த சுற்றுக்கு முன் அப்பாவிடம் கேட்டு, தடைக்கு முந்திய பெரும்போகத்திலும் தடை வந்த பெரும்போகத்திலும் ஏக்கருக்கு எத்தனை மூடை நெல் வந்தது என்று எழுது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்டவாரியாக, போகவாரியாக நெல் விளைச்சலை வெளியிடுகிறது. முல்லைத்தீவுக் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வை. ஒத்துப்போனால் இரண்டையும் மேடையில் சொல். ஒத்துப்போகாவிட்டால் காரணத்தைக் கமநல சேவை நிலையத்தில் விசாரித்துவிட்டுப் போ.