விழித்திரை: வாசகர் கேள்விகள்

வாசல் நிலை நடுவில் வளைந்து தெரிகிறது. கண்புரை முற்றட்டும் என்று இருக்கிறேன். (நெசவாளர், 68, அம்மாப்பேட்டை)

இருக்காதீர்கள். கண்புரை மங்கலாக்கும், நேர்க்கோட்டை வளைக்காது. விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலாவின் அடியில் புது ரத்தக்குழாய் முளைத்துக் கசிந்தால் இப்படித்தான் தெரியும். இந்த வாரமே ஓ.சி.டி. என்ற விழித்திரை ஸ்கேன் எடுங்கள். எந்தக் கண் என்று எழுதவில்லை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தால்தானே தெரியும்!

கண்ணுக்குள் ஊசியா? சொட்டு மருந்து கிடையாதா? (ஏற்காடு)

இந்தக் கசிவுக்குக் கிடையாது. மரத்துப்போகச் சொட்டு விட்டு, கருவிழி ஓரத்திலிருந்து நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளைவிழியில் போடுவார்கள். சில விநாடி வேலை. ஊசியைவிட, கிருமி வராமல் இருக்க விடும் அயோடின்தான் எரியும். வெள்ளைவிழியில் ரத்தத்திட்டு தெரிந்தால் பயம் வேண்டாம். வலி கூடிப் பார்வை குறைந்தால் அன்றே மலையிறங்குங்கள். காலை பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.

மூன்று ஊசியில் அப்பா பேப்பர் படித்தார். குணமாகிவிட்டது என்று நிறுத்தினோம். ஐந்து மாதத்தில் மறுபடி மங்கல். மருந்து போலியா? (ஆத்தூர்)

மருந்து போலியல்ல, உங்கள் கணக்குத்தான் தப்பு. மாதம் ஒன்றாக மூன்று ஊசி என்பது தொடக்கம். அதை முழு வைத்தியமாக எடுத்துக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. ஃபைலில் வரிசையாக மூன்று தேதி, அதன்பின் வெற்றுத்தாள், கையைப் பிடித்து அழைத்துவரும் மகன். இந்த ஊசி, ரத்தக்குழாயை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைக் கட்டிப்போடும். ஓரிரு மாதத்தில் மருந்தின் வீரியம் குறையும். புரதமோ ஊறிக்கொண்டே இருக்கும். நன்றாகத் தெரிகிறது என்பது ஊசி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், நிறுத்துவதற்கு அனுமதி அல்ல. ஸ்கேனில் கசிவு இல்லையென்றால் இடைவெளியை இரண்டிரண்டு வாரமாக மருத்துவர் நீட்டுவார். நீட்டுவது அவர் வேலை, உங்களுடையது அல்ல. வடு விழுந்த இடத்தில் எந்த ஊசியும் பார்வையை மீட்காது. "மூன்று ஊசி பேக்கேஜ்" என்று ரசீது போடுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. அப்பாவை நாளைக்கே அழைத்துப்போங்கள்.

அவாஸ்டின் புற்றுநோய் மருந்தாமே? விலையும் குறைவு. கண்ணுக்கு ஆகுமா? (கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை)

ஆகும். இதுவும் வி.இ.ஜி.எஃப்.ஐக் கட்டிப்போடும் ஊசிதான். 2004இல் குடல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. 2011இல் வந்த அமெரிக்க ஆய்வில், அதே வேலை செய்யும், விலை கூடிய கண் ஊசியான ரானிபிசுமாபுக்குப் பார்வையில் ஏறக்குறையச் சமமாக நின்றது. ஒரு குப்பியைப் பலருக்குப் பிரிப்பார்கள் என்பதால், சுத்தமான முறையில் பிரிக்கிறார்களா என்று மட்டும் கேளுங்கள்.

ரிப்போர்ட் அனுப்பியுள்ளேன். பார்த்துச் சொல்லவும். (ஓமலூர்)

வயது இல்லை, எந்தக் கண் என்று இல்லை, படத்தில் பாதி உங்கள் கட்டைவிரல். உங்கள் மருத்துவரிடமே காட்டுங்கள்.

ஒரு கண்ணில் வந்துவிட்டது. மறு கண்ணுக்கும் வருமா? (குகை)

வரலாம். படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டம்போட்ட தாளில் கோடு வளைகிறதா என்று தினமும் பாருங்கள், ஒரு கண்ணை மூடி. இரண்டையும் திறந்து பார்த்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

பொன்னாங்கண்ணி, கேரட்? (அதே வாசகர்)

சாப்பிடுங்கள். கசிவு நிற்காது. பீடியை விடுங்கள்.