விசுவமடு வீடு: பேயை விட உறுதியைப் பாருங்கோ

தம்பி, வீட்டுக்காரர் கொலையுண்ட வீடு, விலை மலிவு, மனிசி பயப்பிடுறா, வாங்கலாமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள். 2009 இல சண்டை முடிஞ்ச பிறகு வன்னியில சாவு காணாத வளவு தேடினால் எங்க போறது? எனக்குப் பயம் காணி உறுதியிலதான். செத்தவரே காணிக்காரர் எண்டபடியால், உறுதிக் காணியெண்டால் உரிமைக்காரர் எல்லாரும் ஒப்பம் வைக்கவேணும், நீங்கள் சொன்ன கனடா மகனும்தான். ஆனால் அந்தப் பக்கம் அரசாங்கம் பெர்மிட்டில (அனுமதிப்பத்திரத்தில) குடுத்த காணி கனக்க. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில குடுத்த காணியெண்டால், பிரதேச செயலாளற்ற எழுத்துமூல அனுமதி இல்லாமல் நொத்தாரிசு உறுதி முடிச்சாலும் செல்லாது. அட்வான்ஸ் குடுக்க முதல் தோம்பு (காணிப் பதிவேடு) பாருங்கோ.

மனிசியை ஒரு பின்னேரம் கூட்டிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு அக்காவோட வேலியடியில கதைக்க விடுங்கோ. பிறகும் வேண்டாமெண்டால் விட்டிடுங்கோ. அந்த வீட்டில பகல் முழுக்கத் தனிய இருக்கப்போறது அவதானே. சாந்தி செய்யிறதெண்டால் குடிபுக முதல் செய்யுங்கோ.