45 வயதில் அக்கூஸ்டிக் கிடார் வருமா? இரண்டு மாதமாக விரல் வலிதான் மிச்சம்

வரும். நான் 43-ல் ஆரம்பித்தவன், இப்போது 47. காரைக்குடியில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன், எங்கள் குடும்பத்தில் யாரும் ஒரு வாத்தியத்தைத் தொட்டதுகூடக் கிடையாது. அதனால் இது வாத்தியார் சொல்லும் பதில் இல்லை, அடிபட்டவன் சொல்வது.

விரல் வலிக்கிறது, எஃப் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கும் ஒரு பிடி) வரவே மாட்டேன் என்கிறது, வயதாகிவிட்டதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதை விடுங்கள். முதலில் ஒரு ஸ்கேலை எடுத்து, கிடாரின் 12-ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட், 12-ஆவதில் பெரும்பாலும் இரண்டு புள்ளி போட்டிருக்கும்) அந்த உலோகப் பட்டைக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். தடிமனான ஆறாம் கம்பியில் இரண்டரை மில்லி, மெல்லிய முதல் கம்பியில் இரண்டு மில்லி வாக்கில் இருந்தால் நல்ல கிடார். என்னுடையதில் நாலு மில்லி இருந்தது! ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியது, ஐந்து மாதம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, நமக்கு விரல் தடித்த கை, இது சரிப்படாது என்று பரண் மேல் ஏற்றிவிட்டேன்.

அதைக் கீழே இறக்க வைத்தது வீட்டுக் கதவைச் சரிபார்க்க வந்த ஆசாரி. பழைய பர்மா தேக்குக் கதவு, அதை இழைத்துக்கொண்டிருந்தவர் பரணில் இருந்ததைப் பார்த்துவிட்டு எடுக்கச் சொன்னார். கம்பிகள் வந்து ஏறி உட்காரும் அந்த வெள்ளைத் துண்டு இருக்கிறதே, சாடில் என்பார்கள், அதைத் தொட்டுக்காட்டி, "அண்ணே, இதத் தேச்சா இறங்கிரும்ல, இதுக்கா இம்புட்டுப் பாடுபட்டீக?" என்றார். கம்பியைத் தளர்த்தி, துண்டை உருவி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் வைத்துச் சாய்க்காமல் நேராகத் தேய்த்தார். கடையில் கட்டுக்கட்டாக உப்புத்தாள் விற்பவன் நான், எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். கணக்கு இதுதான்: 12-ஆவது ஃப்ரெட்டில் ஒரு மில்லி இறங்க வேண்டுமென்றால் சாடிலில் இரண்டு மில்லி போக வேண்டும். ஒரேயடியாகத் தேய்த்துவிடாதீர்கள், கொஞ்சம் தேய்த்து மாட்டிப் பார்த்து மறுபடி தேய்க்க வேண்டும், போனது திரும்ப வராது. கழுத்து வளைந்திருந்தாலோ மேல்பலகை உப்பியிருந்தாலோ உப்புத்தாளை எடுக்காதீர்கள், கிடார் பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

அப்புறம் கம்பி. 12-ஆம் நம்பர் செட் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டு 10 போடுங்கள் (முதல் கம்பி 0.010 அங்குலம்). சத்தம் கொஞ்சம் குறையும், குறையட்டுமே.

நுனிவிரல் வலி மூன்று நான்கு வாரத்தில் தோல் காய்த்ததும் போய்விடும், ஆனால் தினமும் வாசித்தால்தான். நான் மதியம் சாப்பாட்டுக்குக் கடை சாத்தும் நேரத்தில் 15 நிமிடம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணிநேரம் என்று உட்கார்ந்தால் புதனுக்குள் தோலும் மறந்துவிடும், விரலும் மறந்துவிடும். கை கழுவியதும் வாசிக்காதீர்கள், ஊறிய தோலில் கம்பி பதிந்துவிடும். மணிக்கட்டில் வலித்தால் அது வேறு கதை, அன்றைக்கு மூடி வைத்துவிடுங்கள்.

எஃப் கார்டுக்கு வருவோம். முதல் ஃப்ரெட்டில்தான் ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து அமுக்குவது ஆகக் கடினம், ஏனென்றால் அங்கே கம்பி நட்டுக்கு (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் துண்டு) ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் விறைப்பாக நிற்கும். அதே பிடியை 5-ஆவது ஃப்ரெட்டில் பிடித்துப் பாருங்கள் (அது ஏ மேஜர் ஆகிவிடும்), அங்கே வந்ததும் வாரம் ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வாருங்கள். அதுவரைக்கும் சி, ஏ மைனர் இரண்டையும் மாற்றி மாற்றி வாசியுங்கள், ஆள்காட்டியும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும், மோதிர விரல் மட்டும்தான் நகரும். இடது கை தவறட்டும், வலது கை நிற்கக் கூடாது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கார்டு மாறும் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி நிறுத்தி வாசித்து, அந்த நிறுத்தத்தையே ஒரு வருடம் பழகியிருக்கிறேன். இன்றும் ஏ மைனரிலிருந்து எஃப் போகும்போது வலது கை ஒரு நொடி தயங்கும்.

வெட்கம் இன்னொரு பிரச்சினை. காரைக்குடி சகோதரர்கள் வீணை வாசித்த ஊரில் உட்கார்ந்துகொண்டு டொய்ங் டொய்ங் என்று அடிக்கக் கூச்சமாகத்தான் இருந்தது. அதிலும் எங்கள் வளவில் ஒரு ஸ்பூன் விழுந்தாலே முகப்பு வரை கேட்கும். பக்கத்து வீட்டு ஆச்சி ஒருநாள் படியிலேயே நிறுத்தி, "தம்பி, மத்தியானம் கண்ணசர முடியல, அதையே எத்தன நாளைக்குப் பிறாண்டுவ? வேற ஏதாவது வாசி" என்றார்கள். தூக்கம் கெடுவதைவிட ஒரே பாட்டாக இருந்ததுதான் அவர்களுக்குக் குறை. அதற்காகவே இரண்டாவது பாட்டு கற்றுக்கொண்டேன்.

நம் ஊர் வெயிலில் பூட்டிய காருக்குள் கிடாரை விடவே விடாதீர்கள், பசை இளகி, கம்பியைக் கட்டும் பிரிட்ஜே தூக்கிக்கொள்ளும். ஐப்பசி அடைமழையில் மரம் ஈரம் குடித்துக் கம்பி கொஞ்சம் உயரும், அப்போது விரல் வலித்தால் பயப்பட வேண்டாம்.

கிளாஸ் போக வேண்டுமா என்றால், மாதக்கணக்கில் வேண்டாம், இரண்டு மூன்று தடவை மட்டும் தெரிந்தவர் ஒருவரிடம் நேரில் உங்கள் கட்டைவிரல் எங்கே நிற்கிறது என்று காட்டுங்கள், வீடியோ அதைப் பார்த்துச் சொல்லாது. அதற்கு முன்னால் அந்த 12-ஆவது ஃப்ரெட்டை அளந்து எத்தனை மில்லி என்று எழுதுங்கள். நாலு என்று வந்தால் உப்புத்தாள் எந்த நம்பர் வாங்குவது என்று நானே சொல்கிறேன்.