எடெல்வைஸ் ஏன் பச்சையாகிறது?

ஆல்ப்ஸ் மலைகளில் வளரும் வெள்ளைப் பூச்செடியான எடெல்வைஸ் பற்றி, சுவிஸின் பேர்ணிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “போன ஆகஸ்டில் வாங்கிய எடெல்வைஸ் கன்றை நல்ல மண், மாட்டெரு போட்டுத் தோட்டத்தில் நட்டேன். தினமும் தண்ணீர் விடுகிறேன். இப்போது ஒரு அடி வளர்ந்து சாய்கிறது; பூ வெள்ளையாக இல்லை, பச்சை. என்ன பசளை போடலாம்?”

எதுவும் வேண்டாம். நீங்கள் அதைக் கத்தரிக்கன்று போல வளர்க்கிறீர்கள். 1,800 மீட்டருக்கு மேலே, சுண்ணாம்புப் பாறை இடுக்கில், ஒரு பிடி மண்ணில் வாழும் செடி அது. நாம் பூவிதழ் என்று நினைக்கும் வெள்ளை நட்சத்திரம் உண்மையில் இலைதான்; பூக்கள் நடுவிலுள்ள மஞ்சள் பொட்டுகள். அந்த இலையிலுள்ள பஞ்சு, கடும் வெயிலுக்கும் காற்றுக்கும் போர்வை. எருவும் நிழலும் ஈரமும் கிடைத்தால் பஞ்சு மெலிந்து பச்சை தெரியும்.

வெயில் நன்றாக விழும் மேடான இடத்துக்கு மாற்றுங்கள். பாதிக்குப் பாதி சரளைக்கல் கலந்த மண் போதும். செடியின் கழுத்தைச் சுற்றியும் சரளை போடுங்கள். குளிர் இதைக் கொல்லாது, குளிர்கால ஈரம்தான் அழுகவைக்கும்.

ஈரம் ஆகாது என்றேன் என்று நட்ட அன்றே தண்ணீரை நிறுத்திவிடாதீர்கள். கடைக்கன்றின் வேர் பீட் எனப்படும் மட்கிய பாசி மண் உருண்டைக்குள் சுருண்டிருக்கும். அது ஒருமுறை காய்ந்தால், மேலே ஊற்றும் தண்ணீர் பக்கவாட்டில் வழிந்து ஓடும், உள்ளே இறங்காது. அதனால் நடும்போது அந்த மண்ணை விரலால் மெதுவாக உதிர்த்து, வேரை விரித்து நடுங்கள். முதல் கோடை முழுக்க, விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். அடுத்த வருடம் மழையே போதும்.

அப்புறம், ஆகஸ்ட் 1 சுவிஸ் தேசிய நாளுக்காகக் கடைகளில் குவிக்கும் எடெல்வைஸ் சாடிகள். பசுமைக்கூடாரத்தில் பசளை கொடுத்துப் பூக்கவைத்தவை. சாடியில் செருகிய குறிப்பு அட்டையில் ஒரு சூரியன், ஒரு பூவாளி, அவ்வளவுதான். எந்த மண் என்று ஒரு கடையில் கேட்டேன். ஜெரேனியம் பூச்செடிக்கான சத்தான மண் மூட்டையைக் காட்டினார்கள்! சுவிஸின் ஒப்வால்டன் மாநிலம் எடெல்வைஸை வேரோடு பிடுங்க 1878இலேயே தடை போட்டது. இன்றுவரை அட்டையில் ‘சரளை’ என்று ஒரு சொல் அச்சடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. இணையத்தில் நீல எடெல்வைஸ் விதை விற்பவர்களிடமும் ஏமாறாதீர்கள்; அப்படி ஒன்று கிடையாது.

சரி, இந்தச் செடி நெடுங்காலம் நிற்காது. பூ காய்ந்ததும் விதை எடுத்து வையுங்கள். விதைக்கும்போது மண்ணால் மூடாமல் மேலே தூவி அழுத்தினால் போதும். முளைக்க வெளிச்சம் வேண்டும்.