பாட்டி மோதிரத்தை உருக்கக் கொடுக்கும் முன்

கேள்வி: பாட்டி தன் திருமணத்தில் போட்ட 22 காரட் மோதிரம் என்னிடம் இருக்கிறது. சிவப்புக் கல் வைத்தது, உள்பக்கம் பாட்டி, தாத்தா பெயர்களின் முதலெழுத்துகள். என் திருமணத்துக்கு அதை 18 காரட்டில் மெல்லிய, புது மாதிரி மோதிரமாக மாற்ற ஆசை. மஞ்சள் தங்கமும் அந்தக் கல்லும் இருந்தே ஆகவேண்டும் என்கிறார் அம்மா. கடைக்காரர், “கல் போக 5 கிராம் இருக்கும். 5 கிராமுக்கு 5 கிராம், செய்கூலி மட்டும் கொடுங்கள்” என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்காதீர்கள். உங்கள் ஆசையும் அம்மாவின் விருப்பமும் ஒரே மோதிரத்தில் கூடி வரும். ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் தங்கம் போய்விடும்.

22 காரட் என்றால் 91.6 சதவீதம் தங்கம். உங்கள் 5 கிராமில் சுத்தத் தங்கம் 4.58 கிராம். 18 காரட்டில் 75 சதவீதம்தான், ஆகவே அவர் திருப்பித் தரும் 5 கிராமில் இருப்பது 3.75. மீதி 0.83 கிராம் எங்கே? எடை சரியாக இருப்பதால் யாரும் கேட்பதில்லை. இருக்கும் தங்கத்தை எல்லாம் 18 காரட்டாக்கினால் சுமார் 6.1 கிராம் வரவேண்டும். மெல்லிய மோதிரத்துக்கு 3 கிராம் போதும் என்றால் 2.25 கிராம் சுத்தத் தங்கமே செலவு, மிச்சம் 2.33 கிராம் உங்களுடையது. உருக்கும்போது கொஞ்சம் குறையும்தான், அது எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ரசீதில் “சுத்தத் தங்கம் இத்தனை கிராம்” என்று ஒரு வரி எழுத இந்தத் தொழிலுக்கு ஏன்தான் இவ்வளவு தயக்கமோ! எடையை ஒரு மூலையிலும் காரட்டை இன்னொரு மூலையிலும் போட்டு, கூட்டிக் கழிக்கும் வேலையை வாங்குபவர் தலையில் கட்டுவதே வழக்கமாகிவிட்டது.

அந்த 5 கிராமும் கண்மதிப்புதான். உங்கள் முன்னாலேயே கல்லைக் கழற்றி, தங்கத்தைத் தனியாக நிறுக்கச் சொல்லுங்கள். காரட் பார்க்கும் எக்ஸ்ரே கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும்; பொடி (பற்றவைக்கும் உலோகக் கலவை) வைத்து ஊதிய இடத்தில் வைத்தால் குறைவாகக் காட்டும். முழு மோதிரத்தை ஒரு இடத்தில் தொட்டுப் பார்த்து விலை பேசுவது சரியல்ல. உருக்கிய கட்டியை வெட்டி, வெட்டுமுகத்தில் சோதிக்க வேண்டும். “அதே தங்கம்தான் வேண்டும்” என்றால் தனி மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) உருக்கும் சிறு பட்டறையைத் தேடுங்கள். பெரிய சுத்திகரிப்பில் பலருடைய தங்கம் கலந்துவிடும். பழைய பொடியைச் சுத்தம் செய்யாமல் அப்படியே வார்த்தால் புது மோதிரத்தில் நுண்துளையும் வெடிப்பும் வரும், ஈயம் துளி கலந்திருந்தாலே தங்கம் நொறுங்கும்.

இனி கல். நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். மோதிரத்தைத் திருப்பிப் பாருங்கள். கல்லின் பின்பக்கம் தங்கத்தால் மூடியிருக்கிறதா? அப்படியானால் உள்ளே மெல்லிய வண்ணத் தகடு இருக்க வாய்ப்பு உண்டு. வெளிர் கல்லை ஆழ்சிவப்பாகக் காட்ட அந்தக் காலத்தில் கையாண்ட வழி அது. கல்லின் ஓரத்தில் கருப்புத் திட்டு தெரிந்தால், தண்ணீர் புகுந்து தகடு கறுத்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் கல்லைக் கழற்றி, நாலு பக்கமும் வெளிச்சம் புகும் நவீனக் கொக்கிப் பதிப்பில் வைத்தால் சிவப்பு வெளிறி, அம்மாவுக்கே அது பாட்டியின் கல்லாகத் தெரியாது. ஏமாற்றிக் கல்லை மாற்றிவிட்டார்கள் என்ற சண்டை பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது. தகடு இருந்தால் பின்பக்கம் மூடிய பதிப்பையே கேளுங்கள். சுற்றிலும் மெல்லிய விளிம்பு, மேலே தட்டையாக வைத்தால் அதுவும் நவீனமாகவே இருக்கும். தகடு இல்லாத, பின்பக்கம் திறந்த கல்லுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

கழற்றிய கல்லை ரத்தினப் பரிசோதனைக் கூடத்தில் காட்டிவிட்டு, நீள அகலத்தை மில்லிமீட்டரிலும் எடையை காரட்டிலும் (கல்லுக்கு 1 காரட் 0.2 கிராம்) ரசீதில் எழுதி, படம் பிடித்து வையுங்கள். 1902-லேயே செயற்கை மாணிக்கம் செய்யும் முறை வெளிவந்துவிட்டது, ஆகவே பாட்டியின் கல் செயற்கையாகவும் இருக்கலாம். அதனால் என்ன, பாட்டி விரலில் இருந்த கல் அது. “செயற்கைதான், நல்ல கல்லாகப் போட்டுத் தருகிறேன்” என்று சொல்லும் தரகர் பேச்சுக்கு மட்டும் காது கொடுக்காதீர்கள். விரிசலில் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் என்று கூடம் சொன்னால், ஊதுகுழல் நெருப்பும் அமிலமும் அதன்மேல் படவே கூடாது.

முதலெழுத்துகளை உருக்கி மறுபடி பொறிப்பதைவிட, அந்தத் துண்டை அறுத்து எடுத்துப் புது மோதிரத்தின் உள்வளைவில் லேசர் வெல்டிங்கில் பதிப்பதே நல்லது. அறுத்த துண்டின் எடையை உருக்கும் எடையில் கழியுங்கள். பட்டை ரொம்பவும் மெலிந்தால் இது நிற்காது.

18 காரட் எடுப்பது சரியான முடிவுதான். 22 காரட்டைவிடக் கெட்டி, விளிம்பு கல்லைப் பிடித்து நிற்கும். நிறம் சற்று வெளிறும், மஞ்சள்தான். கலவையில் செம்பும் வெள்ளியும் எவ்வளவு என்று கேட்டு, பாட்டி மோதிரத்தின் பக்கத்தில் மாதிரித் துண்டை வைத்துப் பார்த்த பிறகே வார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைத் தங்கம் வேண்டவே வேண்டாம். வெள்ளையாகப் பளபளக்க மேலே பூசும் ரோடியம் என்ற உலோகப் பூச்சு தேய்ந்ததும் மறுபூச்சுக்கு ஓடவேண்டும், சில கலவைகளில் நிக்கல் இருப்பதால் தோலும் அரிக்கும்.

அளவு எடுப்பதைக் குளிர்ந்த காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள், மாலையில் எடுங்கள். மோதிரம் விரல்கணுவைத் தாண்ட வேண்டும் என்பதையும் கவனியுங்கள். உள்சுற்றளவை மில்லிமீட்டரில் சொல்லும் உலகத் தரம், ஐஎஸ்ஓ 8653, இருக்கிறது. ஆனாலும் ஒரு நாட்டில் எண், இன்னொரு நாட்டில் எழுத்து என்று கடைக்குக் கடை குழப்புகிறார்கள். எந்த எண் சொன்னாலும் சரி, “உள்சுற்றளவு எத்தனை மில்லிமீட்டர்?” என்று கேட்டு அதையே ஆர்டரில் எழுதச் சொல்லுங்கள்.