பிரேசோஸ் பெண்ட் பூங்கா: முதலை உலவும் இடத்துக்குக் குழந்தைகளோடு போகலாமா?

கேள்வி: ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் இருக்கிறோம். மதுரையிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. பிள்ளைகளுக்கு 4 வயது, 7 வயது. பிரேசோஸ் பெண்ட் பூங்காவில் வேலியே இல்லாமல் முதலைகளைப் பார்க்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், எனக்குக் கேட்கவே பயமாக இருக்கிறது. போகலாமா? சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமா?

தாராளமாகப் போகலாம், சாப்பாடும் கட்டிக்கொண்டு போகலாம். வேலி இல்லை என்பது உண்மைதான். ஏரிக்கரையை ஒட்டியே நடைபாதை போகும், அலிகேட்டர்கள் (உங்கள் நண்பர்கள் சொன்ன முதலைகள் இவைதான், முதலை வகையைச் சேர்ந்தவை) கரைப் புல்லில் படுத்து வெயில் காயும், சில சமயம் பாதையிலேயே படுத்திருக்கும். 1984 முதல் மக்கள் குழந்தை குட்டிகளோடு அப்படித்தான் போய் வந்துகொண்டிருக்கிறார்கள்.

அலிகேட்டர் மனிதனைத் தேடி வரும் விலங்கு இல்லை. மீன், ஆமை, பாம்பு, நீர்ப்பறவை என்று தன் வாய்க்கு அடங்கும் இரையைத்தான் பார்க்கும், நிமிர்ந்து நிற்கும் பெரிய ஆளைக் கண்டால் பெரும்பாலும் தண்ணீருக்குள் நழுவிவிடும். ஆனால் தண்ணீர் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும் 4 வயதுப் பிள்ளை அதன் கண்ணுக்குப் பெரிய ஆள் இல்லை. டெக்சஸில் 2015இல் ஒரு இளைஞரும், ஃபுளோரிடாவில் 2016இல் ஒரு 2 வயதுக் குழந்தையும் இறந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டுமே இருட்டிய பிறகு, தண்ணீரில் இறங்கிய இடத்தில் நடந்தவை. பகலில், பாதையில், பெரியவர் கையைப் பிடித்து நடக்கும் பிள்ளையின் நிலை வேறு. அதனால் சின்னவனை ஒருவர் முழுநேரமும் கையில் பிடித்திருக்கட்டும், அவன் தண்ணீர்ப் பக்கம் இல்லாமல் உள்பக்கமாக நடக்கட்டும். கை கழுவக்கூட ஏரிக்குப் போக வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது பிள்ளைகளைப் பற்றி இல்லை, அப்பா அம்மாவைப் பற்றி. மதுரைக்காரர்கள், கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை. மிஞ்சிய எலுமிச்சைச் சோற்றை வாத்துக்கோ மீனுக்கோ போடுவது அவர்களுக்குப் புண்ணியம், அதில் தப்பாக எதுவும் தோன்றாது. இங்கே அதைச் செய்யவே கூடாது, கிளம்புவதற்கு முன்பே வீட்டில் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். மீனும் வாத்தும் கூடும் இடத்துக்கு அலிகேட்டர் வரும், மனிதர் நிற்கும் இடத்தில் தீனி கிடைக்கும் என்று ஒருமுறை பழகிவிட்டால் அதற்கு மனிதர்மேல் உள்ள பயம் போய்விடும். அதன்பிறகு ஆபத்து உங்களுக்கு இல்லை, அடுத்த வாரம் அதே இடத்தில் வந்து நிற்கும் வேறொரு குடும்பத்துக்கு. அந்த அலிகேட்டரையும் கடைசியில் கொன்றுவிடும் நிலைதான் வரும். அலிகேட்டருக்குத் தீனி போடுவது டெக்சஸில் சட்டப்படி குற்றம், 500 டாலர் வரை அபராதம் உண்டு. சாப்பாட்டுக்குக் கரையிலிருந்து தள்ளிப் போட்டிருக்கும் மேசைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், மிச்சத்தைக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

பூங்கா சொல்லும் இடைவெளி 30 அடி. இரண்டு கார்களை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ அவ்வளவு. படம் எடுக்கப் பக்கத்தில் போகாமல் போனில் ஜூம் செய்துகொள்ளுங்கள். பாதையில் ஒன்று படுத்திருந்தால் கல் எறிவது, கத்துவது, குச்சியால் தட்டுவது எதுவும் வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் மட்டும் போய் நிற்காதீர்கள், அது தப்பித்துப் போகும் வழி அதுதான். சீறினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், மெல்லப் பின்வாங்கினால் போதும். துரத்தினால் வளைந்து வளைந்து ஓட வேண்டும் என்று யாராவது சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். நேராக விலகி ஓடுவதுதான் சரி.

குட்டிகளைப் பார்த்தால் கூடுதல் கவனம் வேண்டும். கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டையோடு பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும், 7 வயதுப் பிள்ளை நிச்சயம் கிட்டே போகப் பார்க்கும். ஆனால் குட்டி இருக்கும் இடத்தில் தாய் கட்டாயம் பக்கத்தில்தான் இருக்கும், ஒரு வருடத்துக்கு மேலும் காவல் காக்கும். ஜூன், ஜூலையில் முட்டையிட்டு ஆகஸ்ட் கடைசி வாக்கில் பொரிக்கும், அந்த மாதங்களில் தாய் சும்மா விடாது. அந்த வெயிலும் புழுக்கமும் உங்கள் அம்மாவுக்குத் தாங்காது என்பதால் கோடையைத் தவிர்த்துவிடுங்கள். மார்ச், ஏப்ரல் நல்லது, அக்டோபர், நவம்பரும் பரவாயில்லை. குளிர்காலத்தில் அவை மந்தமாகிவிடும், வெயில் அடிக்கும் நாளில்தான் வெளியே வரும்.

எந்தப் பாதை? அம்மாவுக்காக கிரீக்ஃபீல்ட் ஏரிப் பாதையைச் சொல்வேன். நேச்சர் சென்டர் பக்கம், அரை மைல்தான், சக்கர நாற்காலியே போகும் அளவுக்குச் சமதளமான தரை. தெம்பு மிச்சமிருந்தால் நீங்களும் பிள்ளைகளும் 40 ஏக்கர் ஏரியைச் சுற்றி வாருங்கள், சுமார் 1.2 மைல். அலிகேட்டர் கண்ணில் படாவிட்டாலும் நாரையும் கொக்கும் நிறைய இருக்கும்.

அப்புறம், அந்த ஊர்ப் புல்தரையில் பாய் விரித்து உட்காராதீர்கள். நெருப்பெறும்புப் புற்று எங்கே என்றே தெரியாது, கடித்தால் கொப்புளம் போடும். செருப்புக்குப் பதில் எல்லோரும் மூடிய காலணி போடுங்கள், கொசு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள், நாய் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்குத் தலைக்கு 7 டாலர், 12 வயது வரை இலவசம். வார இறுதியில் இடம் நிரம்பிவிடும், ஆன்லைனில் முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.