கால்நடை கேள்வி-பதில்: பந்தயக் குதிரையும் பரம்பரையும்

பெங்களூரு ரேஸில் ஓடி ஓய்ந்த தாரோபிரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கும் இனம்) பெட்டைக் குதிரை ஒன்று விலைக்கு வருகிறது. ‘வேக மரபணு டெஸ்ட்டில் சி-சி வந்திருக்கிறது’ என்று சொல்லி விலையை ஏற்றுகிறார்கள். நம்பலாமா?
- வாசகர், ஓசூர்

டெஸ்ட் உண்மைதான். விற்பவர் அதற்குச் சொல்லும் அர்த்தம்தான் தவறு. குதிரையின் 18-ஆவது குரோமோசோமில் மயோஸ்டேட்டின் என்றொரு மரபணு இருக்கிறது. தசை அளவுக்கு மீறி வளராமல் பிடித்து நிறுத்தும் பிரேக் அது. அதில் ஓரிடத்தில் சி அல்லது டி என்ற எழுத்து இருக்கும்; தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. டப்ளினில் எமலின் ஹில் குழுவினர் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இந்த எழுத்துகளைப் பந்தயத் தூரத்தோடு பொருத்திக் காட்டியது. சி-சி குதிரைக்குச் சதை சீக்கிரம் திரண்டுவிடும், சுமார் 1000 முதல் 1600 மீட்டர் வரை தோது. சி-டி நடுத்தர தூரத்துக்கு. டி-டி 2000 மீட்டருக்கு மேல் தாக்குப்பிடிக்கும்.

ஆக, எந்தத் தூரத்துக்கு இந்தக் குதிரை பொருந்தும் என்பதைத்தான் டெஸ்ட் சொல்கிறது. ஜெயிக்குமா என்பதை அல்ல. 1200 மீட்டர் பந்தயத்தில் கடைசியாக வருவதும் சி-சியாக இருக்கலாம். அந்த இரண்டு எழுத்துக்குத் தனி விலை கொடுக்காதீர்கள்.

குட்டி எடுப்பதற்கு மட்டும் இது கணக்காக உதவும். சி-சி பெட்டைக்கு டி-டி பொலிகுதிரையைச் சேர்த்தால் பிறப்பதெல்லாம் சி-டிதான். இரண்டுமே சி-டி என்றால் சி-சிக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, சி-டிக்குப் பாதி, டி-டிக்கு நாலில் ஒரு பங்கு. ஒவ்வொரு ஈற்றுக்கும் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். போன குட்டி டி-டி என்பதால் அடுத்தது சி-சியாகிவிடாது. சினைக்காலமோ 11 மாதம், பிறப்பது பெரும்பாலும் ஒன்றே ஒன்று. இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: கிளப் பந்தயத்தில் ஓட குட்டி தாரோபிரெட் வம்சப் பதிவேட்டில் ஏற வேண்டும். செயற்கைக் கருவூட்டலில் பிறந்தால் ஏறாது, கத்தியவார் போன்ற வேறு இனப் பொலிகுதிரைக்குப் பிறந்தாலும் ஏறாது. அந்தக் கலப்பில் நல்ல சவாரிக் குதிரை கிடைக்கும், அவ்வளவுதான்.

தந்தை பெரிய கோப்பை ஜெயித்த குதிரை என்றால் குட்டியும் ஓடுமா? தாயையும் பார்க்க வேண்டுமா?
- வாசகர், பென்னாகரம்

தாயைத்தான் அதிகம் பாருங்கள். குரோமோசோம்கள் ஆளுக்குப் பாதி. ஆனால் செல்லுக்குள் சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. கருப்பையும் பாலும் அவளுடையவை. பிரபலப் பொலிகுதிரைக்கு நூற்றுக்கணக்கில் குட்டிகள் இருக்கும். அதில் ஜெயித்த நாலைந்தை மட்டும்தான் விளம்பரத்தில் காட்டுவார்கள். பெட்டைக்கு அப்படி ஒளிக்க இடமில்லை. முன் ஈன்ற குட்டிகள் எத்தனை, எத்தனை பந்தயத்துக்குப் போயின, எந்தத் தூரம், கால் முறிவோ தசைநாண் வீக்கமோ வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வாழ்நாள் பரிசுத் தொகையில் குதிரைக்குக் குதிரை தெரியும் வித்தியாசத்தில் சுமார் 10 சதவீதம்தான் பரம்பரையால் வருவது என்று 2008-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. மீதி தீவனம், பயிற்சி, லாடம், ஜாக்கி, அன்றைய தரை என்று பிரிந்து போகிறது.

வம்சாவளிச் சீட்டில் ‘3×3’ என்று போட்டிருக்கிறது. இது ஆபத்தா?
- வாசகர், தேன்கனிக்கோட்டை

ஒரே மூதாதை தந்தை வழியிலும் தாய் வழியிலும் மூன்றாம் தலைமுறையில் வருகிறது என்று பொருள். 2×2 என்றால் தந்தை வழித் தாத்தாவும் தாய் வழித் தாத்தாவும் ஒரே குதிரை. அந்த ஒரே மூதாதையிடமிருந்து இரண்டு பக்கமும் ஒரே பிரதியாக வந்து இரட்டித்த மரபணுவின் அளவு சராசரியாக 12.5 சதவீதம். 3×3-க்கு 3.125, 3×4-க்குச் சுமார் 1.6. ஆனால் இது சீட்டில் தெரிவது மட்டும். தாரோபிரெட் பதிவேடு 1791-லிருந்து ஓடுகிறது. இன்றைய ஆண் குதிரைகளில் சுமார் 95 சதவீதத்தின் ஆண் வழி டார்லி அரேபியன் என்ற ஒரே குதிரையில் போய் முடிகிறது. அதனால் சீட்டில் உறவே இல்லாத இரண்டு குதிரைகளும் உள்ளே உறவுதான், அசல் சதவீதம் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். 3×4 பரவாயில்லை, 3×3-ஐ யோசித்துச் செய்யலாம். 2×2 வேண்டவே வேண்டாம். சினை பிடிப்பது குறையும், குட்டி நோஞ்சானாகும், மறைந்திருந்த குறைகள் வெளியே வரும்.

எருது விடும் விழாக் காளைக்கும் இந்த டெஸ்ட் எடுக்கலாமா?
- வாசகர், பர்கூர்

வேண்டாம். மாட்டிலும் மயோஸ்டேட்டின் உண்டு, ஆனால் குதிரைக்கான டெஸ்ட் அதற்குப் பொருந்தாது. பெல்ஜியன் புளூ மாட்டில் அந்த மரபணுவில் 11 எழுத்துகள் விடுபட்டு, மரபணு வேலை செய்வதே இல்லை. சதை மலைபோல வளரும், பசு கன்று ஈன அறுவை சிகிச்சை தேவைப்படும். அது இறைச்சிக்கான மாடு. ஹள்ளிக்கர், ஆலம்பாடிக் காளைகளுக்குக் குளம்பையும் கணுவையும் பாருங்கள்.

டெஸ்ட்டுக்கு மயிர் எப்படி எடுத்து அனுப்புவது? ஒருமுறை அனுப்பி ‘மாதிரி சரியில்லை’ என்று திரும்பிவிட்டது.
- வாசகர், பாலக்கோடு

பெரும்பாலும் கத்தரியால் வெட்டி அனுப்பியிருப்பீர்கள். டெஸ்ட்டுக்குத் தேவையான மரபணு மயிரின் வேரில்தான் இருக்கிறது. தண்டை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. திமிலெலும்புக்கு (கழுத்தும் முதுகும் சேரும் மேடு) அருகே பிடரி மயிரில் நாலைந்து இழைகளாகப் பிரித்து, தோலை ஒட்டி விரலில் சுற்றி வெடுக்கென்று இழுங்கள். நுனியில் வெள்ளையாகச் சிறு குமிழ் தெரிய வேண்டும், தெரியாததை எறிந்துவிடுங்கள். 20 முதல் 30 இழைகள் சேர்ந்ததும் வேரெல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி, வேரில்லாத முனையில் மட்டும் டேப் ஒட்டுங்கள். குளிப்பாட்டிய ஈரத்தோடு எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், காகித உறைதான் சரி. ஐஸ் தேவையில்லை. ஒரு குதிரைக்கு ஓர் உறை. அடுத்த குதிரையைத் தொடுமுன் கையைக் கழுவுங்கள். பெயர், பாலினம், வயது, மைக்ரோசிப் எண்ணை உறையின் மேல் முதலிலேயே எழுதிவிடுங்கள். இளங்குட்டிக்குப் பிடரி மயிர் மெலிதாக இருக்கும், வாலிலிருந்து எடுக்கலாம். ரத்தமாக அனுப்புவதென்றால் கால்நடை மருத்துவரிடம் ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயில் எடுக்கச் சொல்லுங்கள். பச்சை மூடிக் குழாயில் உள்ள ஹெப்பாரின் என்ற மருந்து, மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுத்துவிடும்.